மூன்று போர்ஷன், ஒரு கிணறு: வேதாளைப் பக்கத்து வாடகை வீட்டின் 6 ஆண்டுக் கணக்கு

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில், உச்சிப்புளி தாண்டி மண்டபம் வருவதற்கு முன்னால் வேதாளை. சாலைக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு வீடு கட்டினார். குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. அவர் கத்தாரில் இருக்கிறார். நான் உச்சிப்புளியில் இருக்கிறேன். அதனால் சாவிக்கொத்து என்னிடம் வந்தது.

2014இல் 5 சென்ட் நிலம், 6 லட்சம். 2017இல் கட்டடம், 28 லட்சம். கீழே முன்னும் பின்னுமாக இரண்டு போர்ஷன், மேலே ஒன்று. கீழ் வீடுகள் தலா 6,000, மாடி 8,000. மாதம் 20,000, வருடம் 2 லட்சத்து 40 ஆயிரம். “மாப்ள, பேங்க் வட்டிக்குச் சமமா வருது. வீடும் நம்ம கையில இருக்கு. வேற என்ன வேணும்?” என்றார் அத்தான். காகிதத்தில் அது 7 சதவீதம். தப்பான கணக்கு இல்லை. யாரும் அப்படித்தான் போடுவார்கள்.

2018 ஜூன் முதல் 2024 மே வரை 72 மாதங்களை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று போர்ஷனுக்குமாக 216 மாத வாடகை வந்திருக்க வேண்டும். வந்தது 156. காலியாகக் கிடந்தது 29 மாதம், வராமலே போனது 7, ஒத்திக்கு விட்டதில் போனது 24. கையில் வாங்கிய வாடகை 10 லட்சத்து 40 ஆயிரம். செலவு இப்படி: காங்கிரீட் பழுது 1,65,000, பெயின்ட் 1,30,000, தண்ணீர் (லாரியும் புதுக் கிணறும்) 94,000, மோட்டார், பைப், குழாய் 78,000, வீட்டுவரி, புரோக்கர், பத்திரச் செலவு 45,000, வயரிங் 36,000. கூட்டினால் 5 லட்சத்து 48 ஆயிரம். மிச்சம் 4 லட்சத்து 92 ஆயிரம். வருடத்துக்கு 82,000. போட்ட 34 லட்சத்துக்கு இரண்டரை சதவீதம்கூட இல்லை.

இந்த நோட்டை அத்தானிடம் காட்டியபோது அவர் முதலில் பார்த்தது அந்த 7 மாதத்தைத்தான். “எவன் கொடுக்காமப் போனது?” என்று கேட்டார். எல்லாருக்கும் கண் அங்கேதான் போகும், ஏமாற்றியவன் மேல். என் நோட்டு வேறு கதை சொல்கிறது. வீட்டைத் தின்றது வாடகைக்காரர் இல்லை, தண்ணீர். கட்டும்போது எந்தத் தண்ணீரில் கலவை போட்டோம், கட்டியபின் எந்தத் தண்ணீரைக் குழாயில் விட்டோம் என்ற இரண்டிலேயே கணக்கு பாதி முடிந்துவிட்டது.

பருப்பு வேகாத வீடு

வெளியூர் அதிகாரியை மிரட்ட ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்பார்கள். அந்தக் காடு எங்கள் மாவட்டம். ஆனால் கரையோரத்தில் தண்ணீர் இல்லை என்பது சரியில்லை. தண்ணீர் இருக்கிறது, மேலே மட்டும் இருக்கிறது. மணலில் இறங்கும் மழைநீர் கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை அது தாங்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் போடும் கணக்கு. அதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் புரியும். மேலே 1 அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும்.

நாங்கள் செய்தது 45 அடி போர், 1 குதிரைத்திறன் மோட்டார், மாடியில் 2,000 லிட்டர் தொட்டி. தொட்டி காலியானதும் தானாக ஓடும்படி ஆட்டோமேட்டிக் சுவிட்ச் வேறு. மூன்று குடும்பம் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவும் வீட்டில் அந்த மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் வருடம் தண்ணீர் தேன் மாதிரி. இரண்டாவது கோடையில் மாடியில் இருந்த அம்மா போன் செய்தார். மத்திய அரசு ஊழியர் ஒருவரின் மனைவி, பொறுமையான மனுஷி. “தம்பி, ரெண்டு நாளா பருப்பு வேகவே மாட்டேங்குது. குக்கர்ல எட்டு விசில் வச்சேன்.” நான் பருப்பின் மேல் பழியைப் போட்டேன். பழைய பருப்பாக இருக்கும் அம்மா, கடையை மாற்றிப் பாருங்கள் என்றேன். அடுத்த வாரம் சோப்பு நுரைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் எவர்சில்வர் குடத்தில் வெள்ளையாகப் படிந்த உப்பை விரலில் தொட்டுக் காட்டினார். அந்த மாதக் கடைசியில் காலி செய்துவிட்டார். குறை சொல்லவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதன்பின் 11 மாதம் மாடி சும்மா கிடந்தது. வந்து பார்ப்பவர்கள் அறையைப் பார்ப்பதில்லை. நேராக அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு வாய் எடுத்துப் பார்ப்பார்கள். துப்பிவிட்டு, “சொல்றோம்ணே” என்று இறங்கிவிடுவார்கள். குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் தெருவுக்கு வருகிறது, தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிப் பிடித்துவரலாம். அது குடிக்கத்தான் காணும். கீழ் வீட்டுக்காரர்களைத் தக்கவைக்க நான் வண்டித் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். 6,000 வாடகை வாங்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பணம் கட்டுவது என்ன வியாபாரம் என்று எனக்கே சிரிப்பு வரும்.

தீர்வைச் சொன்னது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். அவர் வீட்டு உறை கிணறு ஆழம் 14 அடி. நாற்பது வருடமாக வாளியில் இறைக்கிறார், ஒரு நாளும் கரித்ததில்லையாம். “நீ பூமிக்குள்ள கைய விட்டு உறிஞ்சுறப்பா. நான் மேலாக்க மொண்டு எடுக்குறேன்” என்றார். 2020 கடைசியில் அதே ஆழத்தில் ஓர் உறை கிணறு இறக்கினோம். அரைக் குதிரைத்திறன் மோட்டார். காலையில் 25 நிமிடம், மாலையில் 25 நிமிடம், நடுவில் கிணறு ஊறட்டும். ஆட்டோமேட்டிக் சுவிட்சைக் கழற்றி எறிந்தேன். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் வீட்டிலும் வரைபடத்துக்காக ஒரு பைப்பை மண்ணில் சொருகி வைத்திருந்தோம். அதைக் கிணற்றுக்குப் பக்கத்துக் குழிக்குத் திருப்பினோம். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 900 லிட்டருக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நல்ல மழை போதும், கோடைக்கு வித்தியாசம் தெரிகிறது. பழைய போர் தண்ணீர் இன்றும் கரிப்புதான். அது கழிவறை ஃபிளஷ்ஷுக்கு மட்டும் தனி பைப்பில் போகிறது.

சன்ஷேடு விழுந்த இரவு

2022 ஆவணி மாதம் ஒரு ராத்திரி, தெற்குப் பக்க சன்னலுக்கு மேல் இருந்த சன்ஷேடின் அடிப்பாகம் பெயர்ந்து விழுந்தது. ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்கு. கீழே யாரும் இல்லை. பகலில் அந்த இடத்தில்தான் கீழ் வீட்டுக் குழந்தைகள் உட்கார்ந்து கல் விளையாடும். காலையில் போய்ப் பார்த்தேன். உள்ளே தெரிந்த கம்பி, கம்பியாகவே இல்லை. விரலால் தொட்டதும் பனை ஓலைக் கருக்கு மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. 8 மில்லிமீட்டர் கம்பியில் நடுவே பென்சில் முனை அளவு இரும்பு மிச்சம்.

ஐந்து வயதுக் கட்டடத்தில் இது வரக்கூடாது. கட்டும்போது நடந்ததை நினைத்துப் பார்த்தேன். போர் போடுவதற்கு முன் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து ஹோஸ் போட்டு எடுத்த தண்ணீரில்தான் கலவை கலந்தார்கள். தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். கம்பி தாங்காது. அன்று நான் கேட்டதற்குக் கொத்தனார், “காங்கிரீட்டுக்கு எல்லாத் தண்ணியும் தண்ணிதான் சார்” என்றார். நானும் விட்டுவிட்டேன். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீரைக் கம்பி போட்ட காங்கிரீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. கடலோரச் சூழலில் குறைந்தது எம்30 தரக் காங்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. எங்கள் சன்ஷேடில் அளந்தேன், 12 மில்லிமீட்டர். கம்பியைத் தூக்கிப் பிடிக்க வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக்கல்லை அண்டக் கொடுத்திருக்கிறார்கள்.

உப்பு உள்ளேயும் இருந்தது, வெளியிலிருந்தும் வந்தது. வைகாசியிலிருந்து சோழகம் என்ற தென்காற்று அடிக்கும்போது தெற்குச் சுவரில் கையை வைத்தால் பிசுபிசுக்கும். கம்பி துருப்பிடித்தால் பருக்கிறது, பருத்தால் சிமென்டைத் தள்ளுகிறது. விரிசல் விட்டதும் உப்புக் காற்றுக்கு வாசல் திறந்தாயிற்று.

சிலர் இந்த இடத்தில் பூச்சு பூசி பெயின்ட் அடித்து, அடுத்த குடித்தனத்தை ஏற்றிவிடுவார்கள். உள்ளே துரு ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு வருடத்தில் இன்னும் பெரிதாகப் பெயரும். நாங்கள் சுத்தியல் கட்டையால் எல்லா சன்ஷேடையும் அடி சிலாப்பையும் தட்டிப் பார்த்தோம். கெட்டியான இடம் ‘டங்’ என்கிறது, உள்ளே பிரிந்த இடம் ‘டொக்’ என்கிறது. ‘டொக்’ வந்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டோம். தெற்கே ஒன்பது வட்டம், வடக்கே ஒன்றுகூட இல்லை. கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, ஒயர் பிரஷ் போட்டு, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூடினோம். 1,65,000 அதில்தான் போனது.

மற்ற உப்புச் செலவுகள் சில்லறை. இரும்பு சன்னல் கம்பி, கேட் கீல், ஏ.சி.யின் வெளி யூனிட், சுவிட்ச் பாக்ஸ் திருகு. தெற்கே இருந்த இரண்டு இரும்புச் சன்னலை எடுத்துவிட்டு யு.பி.வி.சி. போட்டேன். குழாய்கள் பிளாஸ்டிக். பார்க்க மலிவாகத் தெரியும், ஆனால் உப்புத் தண்ணீரில் பித்தளையின் பளபளப்பு ஒரு வருடம்தான்.

இரண்டு வட்டிக்கு ஒரு வீடு

2021இல் அக்கா மகளுக்குக் கல்லூரி சேர்க்கை. அவசரமாக 3 லட்சம் வேண்டும். “பின் வீட்டை ஒத்திக்கு விட்ரு மாப்ள” என்றார் அத்தான். நம் பக்கத்தில் இது சாதாரணம். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்பது, வாடகை கிடையாது, கெடு முடிந்ததும் தொகையைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்பது. 3 லட்சம், 2 வருடம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தோம். சுவாதீன அடமானம் என்பதால் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால் போதாது.

பணம் வந்த அன்று எல்லாருக்கும் சந்தோஷம். நான் நோட்டில் எழுதும்போதுதான் உறைத்தது. 6,000 வாடகை போகிறது, கையில் இருப்பது 3 லட்சம். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். தெருவில் இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கியதும் இதுவும் ஒன்றேதான், வட்டி என்று பெயர் இல்லாததால் வலிக்கவில்லை. 2023 ஜூனில் திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லை. பொதுவாக அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கி முந்தையவருக்குக் கொடுப்பார்கள், அப்படியே பத்து வருடம் ஓடிய வீடுகளை எனக்குத் தெரியும். அத்தான் கத்தாரில் ஒரு நண்பரிடம் கைமாற்று வாங்கி மீட்டார். அதில் மட்டும் அவரை மெச்ச வேண்டும்.

ஒத்தியில் இருந்தவர் நல்லவர். ஆனால் ஒழுகும் குழாயை 2 வருடமும் அவர் மாற்றவில்லை, உங்கள் வீடுதானே என்றார். நானும் மாற்றவில்லை, வாடகை வருகிறதா என்ன என்று இருந்துவிட்டேன். சுவர் முழுக்க ஓதம். சரிசெய்ய 4 மாதம் காலியாகப் போட வேண்டியதாயிற்று.

பாலத்துக்கு வந்தவர்

பாம்பனில் புது ரயில் பாலம் வேலை நடந்த வருடங்களில் மண்டபத்தைச் சுற்றி வீடு கிடைக்காது. மாடிக்கு ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் சூப்பர்வைசர் வந்தார். கேட்ட வாடகை, பேரம் இல்லை. அந்த மயக்கத்தில் ஒரு மாத வாடகையை மட்டும் அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு, ஒப்பந்தம் எழுதாமல் சாவியைக் கொடுத்தேன். கடைசி நான்கு மாதம் “கம்பெனி பில் வரல பாஸ்” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் கதவில் என் சாவி தொங்குகிறது. அட்வான்ஸ் போக 3 மாதம் நஷ்டம்.

பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே வேலைக்கு வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள், சாலையோரம் ‘வீடு வாடகைக்கு’ அட்டைகள் முளைத்தன. திட்ட வேலையை நம்பி வாடகையை ஏற்றியவர்கள்தான் அதிக நாள் காலியாக வைத்திருந்தார்கள்.

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. 11 மாதமோ 11 வருடமோ, எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே பதிவு எண் கிடைக்கும். வேறு ஒப்புதல் இல்லாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. எனக்குப் பிடித்தது அதன் பின்னிணைப்பு: சுவர், வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, வயரிங் வீட்டுக்காரர் தலையில், குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி குடியிருப்பவர் தலையில். பாதிச் சண்டை அந்த ஒரு பக்கத்தை ஒப்பந்தத்தோடு பின் அடித்ததில் தீர்ந்தது. இன்னொன்று: வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. நான் ஒரு தடவை ஃபியூஸ் கட்டையில் கை வைத்தவன், அதனால் சொல்கிறேன்.

கரண்ட் விஷயம் சுருக்கமாக: முதலில் ஒரே இணைப்பும் உள்ளே மூன்று சப்-மீட்டரும் வைத்தோம். அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஓர் இணைப்புக்குத்தான், மொத்த யூனிட்டும் சேர்ந்து மேல் ஸ்லாபுக்குப் போய்விட்டது. மூன்று தனி இணைப்பு வாங்கியபின் அந்தத் தகராறு இல்லை.

வரியில் நான் செய்த தப்பு, வாடகையை என் கணக்கிலேயே வாங்கியது. ஆடிட்டர் திட்டினார், அது பார்வைக்கு என் வருமானமாகிவிடும். இப்போது, வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வரும் வருமானத்தைப் போட வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குக்கு, அத்தான் பெயரில் நேரே போகிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவு சின்னதானாலும், 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்து வரியாகக் கட்ட வேண்டும் என்பதையும் ஆடிட்டர்தான் சொன்னார். 6,000 ரூபாய் வாடகை கொடுக்கும் மீனவரிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் பெயரில் செய்ய வேண்டிய வேலையை ஆடிட்டரே செய்கிறார், கட்டணம் எங்களுடையது. வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளச் சட்டம் விடுகிறது. எங்களுக்கு ஆனது பாதிக்கு மேல்.

மே, ஜூன்

முன் வீட்டில் முதலிலிருந்தே ஒரு விசைப்படகுத் தொழிலாளி குடும்பம். கணக்கு வழக்கு எல்லாம் அவர் மனைவி, பாசி எடுக்கப் போகிறவர். வராத 7 மாதத்தில் 4 அவர்களுடையது, 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை. அந்த வருடம் தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்து மே 31இல் முடித்தார்கள். ஊரடங்கில் மீனுக்கு விலையில்லை, என்ன செய்வது? நான் கேட்கவில்லை. அத்தானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் 6 வருடத்தில் அந்த முன் வீடு காலியாகக் கிடந்தது 8 மாதம்தான். அந்த 8 மாதக் காலியும் சன்ஷேடு பழுதுக்காக நானே அவர்களை உறவினர் வீட்டுக்குப் போகச் சொன்னது.

மற்ற வருடங்களிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். ஒவ்வொரு மே மாதமும் வாடகை கேட்டுப் போய் நிற்பதும், அந்தத் தங்கச்சி, “அண்ணே, போட்டு எறங்கட்டும்ணே” என்பதும், எனக்குக் கோபம் வருவதும் வழக்கமாயிருந்தது. 2023இல் அவரே கேட்டார்: “பன்னெண்டு மாசத்துக் காசப் பத்து மாசத்துல வாங்கிக்கிறீங்களாண்ணே?” மாதம் 7,200, பத்து மாதம், அதே 72,000. மே, ஜூன் இரண்டும் ஒப்பந்தத்தில் கோடு. அதிலிருந்து ஒரு தேதிகூடத் தவறவில்லை.

வீட்டை விற்றுவிடலாமா என்று அத்தான் இன்னும் கேட்கிறார். நல்ல விலைக்கு எடுக்க ஆள் வந்தால் விற்கலாம் என்பதுதான் என் கருத்து, இரண்டரை சதவீதத்துக்கு நான் அலையும் பெட்ரோலை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆள் வரும்வரை பராமரிக்கத்தான் வேண்டும். போன வாரம் மேற்குச் சன்ஷேடைத் தட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில் ‘டொக்’. வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். சோழகம் தொடங்குவதற்குள் கொத்த வேண்டும். கொத்தனார் புது ஆள். கலவைக்கு உறை கிணற்றுத் தண்ணீர்தான் என்று சொல்லி, ஹோஸை எந்தக் குழாயில் மாட்ட வேண்டும் என்பதையும் காட்டிவிட்டு வந்தேன்.